பினாயில் மிஸ்ஸும் காசான் காடும்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் காலனிப் பக்கம் வந்துவிட்டு, பினாயில் மிஸ் முன்னால் ஒற்றைக் காலில் நிற்காமல் திரும்பிய மனிதர் ஒருவர்கூட இல்லை. தபால்காரர் நின்றிருக்கிறார். ஒரு வருமான வரி அதிகாரி நின்றிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாகப் போட்டோ எடுக்க வந்த மாப்பிள்ளை, வாடகை ஷெர்வானியோடு, பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தப் படம்தான் ஆல்பத்திலேயே நன்றாக வந்ததாகக் கேள்வி. கொரோனா ஓய்ந்ததும் ஊரில் எல்லார் கைக்கும் விடுதலை கிடைத்தது. எங்கள் காலுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. காடு என்றதும் யானை, அருவி என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வளர்ந்த புதர்க்காடு. களா, சூரை என்று சட்டையைப் பிடித்து இழுக்கும் முட்செடிகள். நடுநடுவே காசான் மரங்கள். கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் காசான் தன் கிளையெல்லாம் நீலப் பூவைச் சுற்றிக்கொண்டு நிற்கும். மற்ற நாட்களில் அதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஏதோ ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தமான இடம். நடைபாதையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவர்கள் எங்கள் குடியிருப்போர் சங்கத்திடம் விட்டிருந்தார்கள். காலையில் சர்க்கரை நோயாளிகள் நடப்பார்கள். மாலையில் அவர்களே பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள்.

அந்தக் காட்டின் கேட்டில்தான் பினாயில் மிஸ் நிற்பார். ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'பேராசிரியர் இல்லை' என்பதைக் காலனிக்காரர்கள் அவருக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவார்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதற்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். இடுப்பில் துணி காயப்போடும் கயிற்றில் ஒரு ஸ்பிரே பாட்டில் தொங்கும். பாட்டிலில் இருந்தது ஸ்பிரிட். பினாயில் ஒரு சொட்டுகூடக் கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. பெயர் வைக்கிற விஷயத்தில் எங்கள் காலனி யார் பேச்சையும் கேட்காது.

முதல் நாள் நான் மாட்டிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. கிண்டியில் ஆபீஸ். காலையில் அரைமணி நேரம் நடந்துவிட்டு ரயிலைப் பிடிக்கிறவன் நான். கேட்டில் நுழையப் போனால் குறுக்கே ஒரு கை.

"காலைத் தூக்குங்க."

"எதுக்கு மேடம்?"

"வலது கால் முதல்ல."

நான் தூக்கினேன். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் தூக்கியிருப்பார்கள். பழைய டூத் பிரஷ்ஷால் என் ஷூவின் அடியில் இருந்த மண்ணைச் சுரண்டி எடுத்தார். பிறகு ஸ்பிரே. இடது கால். மறுபடியும் ஸ்பிரே.

"உள்ள காசான் மரம் காயுது, பார்த்தீங்களா? இலை ஓரத்துல பழுப்பாகுது, அப்புறம் கிளை, அப்புறம் மரமே போயிடுது. மண்ணுல ஏதோ இருக்கு. செருப்புல ஒட்டிக்கிட்டு வரலாம்."

"செருப்புலதான் வருதுன்னு நிச்சயமா தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் ஏன் கழுவுறீங்க?"

"தெரியாததாலதான் சார் கழுவுறேன். தெரிஞ்சிருந்தா வீட்டுல உக்காந்து டிவி பார்ப்பேனே."

வீட்டுக்குப் போனதும் என் மனைவி மூக்கைச் சுருக்கினாள். "விடியக்காலைலயே ஸ்பிரிட் வாடை வருது. எங்க போயிட்டு வர்றீங்க?" காலில் அடித்தார்கள் என்று விளக்கினேன். "குடிச்சவங்க வாயால ஊதுவாங்க. நீங்க காலால ஊதுறீங்களாக்கும்" என்றாள். காலனியில் பல குடும்பங்களில் அந்த வாரம் இதே விசாரணை நடந்தது.

பினாயில் மிஸ்ஸிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் 'தெரியாதவை' என்று எழுதியிருப்பார். உள்ளே எண் போட்ட கேள்விகள். இது பூஞ்சையா, வேறு கிருமியா? வேரில் தொடங்குகிறதா, இலையிலா? மழை பெய்து எத்தனை நாள் கழித்துக் காய்கிறது? பக்கத்தில் இருக்கும் களாவுக்கு ஏன் வரவில்லை? களாவுக்கு வராமலே அது மண்ணில் ஒளிந்திருக்குமா? நாலு காசான் செத்த இடத்தில் ஐந்தாவது மட்டும் ஏன் பச்சையாக நிற்கிறது? ஒவ்வொரு மரத்துக்கும் கிளையில் ஒரு தகரத் துண்டு கட்டி எண் கொடுத்திருந்தார். எந்த மரம் எப்போது காய்ந்தது, அதற்கு முந்தின வாரம் மழை எப்படி என்று எல்லாம் அதில் இருக்கும். கேள்விகளின் பக்கத்தில் பதிலுக்காக ஒரு கட்டம் விட்டிருப்பார். கட்டங்கள் காலி.

எங்கள் காலனிக்கு இந்த நோட்டு ஒரு மானப் பிரச்சனையாகிவிட்டது. ஏனென்றால் எங்கள் காலனியில் எதுவுமே தெரியாதவர்கள் என்று யாரும் கிடையாது. மரம் காய்கிற விஷயம் பற்றிச் சங்கம் கூட்டம் போட்டபோது அரைமணி நேரத்தில் எட்டு மருந்துகள் வந்தன. மோரில் பெருங்காயம் கரைத்து ஊற்றலாம் என்றார் ஒருவர். கேட் தென்மேற்கில் இருப்பதுதான் கோளாறு, இடம் மாற்றினால் மரம் துளிர்க்கும் என்றார் இன்னொருவர். சங்கச் செயலாளர் ஒரு மருந்துக் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்தவர். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிப் பழக்கப்பட்டவர்.

"சிம்பிள். ஒரு டேங்கர் பூச்சிமருந்து கொண்டு வந்து காடு மொத்தம் அடிச்சிடலாம். ஒரே நாள் வேலை."

பினாயில் மிஸ் எழுந்தார். "சார், வயல்ல ஒரே பயிர். காட்டுல நூறு விதமான செடி, தேனீ, தவளை, பாம்பு. நீங்க அடிக்கிற மருந்து எதைக் கொல்லும், எதை விடும்னு யாராவது பார்த்திருக்காங்களா?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம்மா."

"யாரு பார்ப்பா? எப்போ?" என்று கேட்டு நோட்டைத் திறந்தார். செயலாளர் முகம் சிவந்தது. தான் பேசியதையும் மிஸ் கேள்வியாக்கி எண் போட்டுக்கொண்டார் என்பதுதான் அவருக்கு ஆத்திரம்.

காட்டுக்குள் ஆடு மேய்க்க வரும் எல்லம்மாவிடம் மட்டும் மிஸ்ஸின் அதிகாரம் கொஞ்சம் தடுமாறியது. முதல் நாள் கேட்டில் மறித்தபோது எல்லம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா மிஸ்ஸு, ஆட்டுக்கு நாலு காலு கீது. என்னாண்ட பதினாலு ஆடு கீது. உன் பாட்டிலு பத்துமா?"

மிஸ் மனதில் கணக்குப் போட்டார். "ஐம்பத்தாறு கால். பரவாயில்லை, வரிசையா விடு."

ஆடுகளுக்கு வரிசையில் நிற்கும் வழக்கம் இல்லை. மறுநாள் அவர் கேட்டின் குறுக்கே தட்டையான ஒரு தொட்டியை வைத்து மருந்துத் தண்ணீர் ஊற்றினார். பதின்மூன்று ஆடுகள் அழகாகத் தாண்டிக் குதித்தன. பதினாலாவது நின்றது, யோசித்தது, திரும்பி வந்து நோட்டின் ஒரு தாளைத் தின்றது. நான்கு கேள்விகள் போயின. ஆராய்ச்சியை இவ்வளவு ஆழமாக உள்வாங்கிக்கொண்ட ஜீவன் எங்கள் காலனியில் அது ஒன்றுதான். மிஸ் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். எல்லம்மாவே இறங்கி வந்தாள். "பேஜார் பண்ணாத மிஸ்ஸு. மழை நாள்ல இங்க வரல, ஏரிக்கரையாண்ட மேச்சிக்கிறேன். மண்ணு ஈரமா இருந்தாத்தானே காலுல ஒட்டும்?" மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலனிலயே யோசிச்சுப் பேசின ஒரே ஆள் நீதான்" என்றார். அப்போது அங்கே நாங்கள் ஐந்து பட்டதாரிகள் நின்றுகொண்டிருந்தோம்.

ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதை வைத்து, மிஸ் ஞாயிறுதோறும் போகும் சர்ச்சில் யாரோ கிண்டல் செய்தார்களாம். "அவர் பன்னிரண்டு பேரோட ஒரு தடவை முடிச்சுட்டார். எனக்கு தினமும் ரெண்டு ஷிப்ட்" என்றாராம் மிஸ்.

சுதந்திர தினத்துக்குச் செயலாளர் மரம் நடும் விழா ஏற்பாடு செய்தார். பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சிறப்பு விருந்தினர். வேன் நிறைய மரக்கன்றுகள் வந்து இறங்கின. பினாயில் மிஸ் விருந்தினரின் இரண்டு காலையும் சுத்தம் செய்துவிட்டு, கன்றுகளை மறித்தார். "இந்தத் தொட்டி மண்ணு எங்கேர்ந்து வந்தது? அதுல என்ன இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?" யாருக்கும் தெரியவில்லை. விருந்தினர் மண்வெட்டியோடு வெயிலில் நின்றார். கடைசியில் கேட்டுக்கு வெளியே, மின்சார டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரே ஒரு கன்று நடப்பட்டது. மற்றவை வந்த வேனிலேயே திரும்பிப் போயின. செயலாளர் அதை மன்னிக்கவே இல்லை.

இனி என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மிஸ்ஸிடம் காலைக் கொடுத்தால் இரண்டு நிமிடம் போகும். எனக்கு ரயில். காட்டின் பின்பக்கம் மதில் இடிந்து ஓர் ஓட்டை இருந்தது. மூன்று மாதம் அந்த வழியாக நுழைந்து அந்த வழியாகவே வெளியேறினேன். ஒரு நடுத்தர வயதுக் குடும்பஸ்தன் இடிந்த மதிலைத் தாண்டும் சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் அடைமழை. தண்ணீர் வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பினாயில் மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு வரைபடத்தை விரித்தார். காட்டின் படம். அதில் சிவப்புப் புள்ளிகள்.

"புதுசா ஏழு மரம். எல்லாம் பின்பக்கம், அந்த இடிஞ்ச மதிலை ஒட்டி. இதுவரைக்கும் அந்த மூலையில ஒண்ணுகூட கிடையாது. கொஞ்சம் எண்ணிப் பார்க்கக் கூட வரீங்களா?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். என் மனைவி சமையலறைக் கதவில் நின்று என்னையே பார்த்தாள். அவளுக்கு என் குறுக்கு வழி தெரியும்.

"மிஸ்... அந்த ஓட்டை வழியா நான்தான் வந்துட்டிருந்தேன். மூணு மாசமா. கால் கழுவாம."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் திட்டு வாங்கத் தயாரானேன்.

"எந்த ஷூ?"

"அதோ, வாசல்ல இருக்கே, அதுதான்."

"அதைக் கழுவிட்டீங்களா?"

"இல்லை மிஸ். இன்னைக்குக் கழுவிடுறேன்..."

"ஐயோ, கழுவிடாதீங்க!" என்று அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நான் அவரை அறிந்த நாளிலிருந்து, யாரிடமும் கழுவாதே என்று அவர் சொன்னது அன்று ஒரு நாள்தான். சட்டைப் பையிலிருந்து பிளேடு எடுத்து, என் ஷூவின் அடியில் காய்ந்திருந்த மண்ணைப் பொன் துகள் போலக் காகிதத்தில் சுரண்டிச் சேர்த்தார். உறையில் போட்டு, மேலே என் பெயரையும் தேதியையும் எழுதினார். 'வலது', 'இடது' என்று தனித்தனி உறை.

என்னால் தாங்க முடியவில்லை. "நான்தான் கொண்டு வந்தேனா மிஸ்?"

"அது நமக்குத் தெரியாது சார்."

"ஏழு மரம் மிஸ்..."

"மழைத்தண்ணி அந்தப் பக்கமாத்தான் இறங்குது. தெருநாயெல்லாம் அந்த ஓட்டையிலதான் வருது. நீங்களும் வந்திருக்கீங்க. இதுல யாருன்னு பார்க்கணும். உங்களைக் குத்தவாளின்னு இப்பவே முடிவு பண்ணிட்டா எனக்கு வேலை மிச்சம். ஆனா நிஜமா கொண்டு வந்தது மழைத்தண்ணியா இருந்தா? உங்களைத் திட்டி முடிச்சுட்டு நான் நிம்மதியா இருப்பேன், மரம் செத்துக்கிட்டே இருக்கும்."

அன்று மாலை வரை அவரோடு மரம் எண்ணினேன். ஏழு காய்ந்த மரங்களுக்கு நடுவே மூன்று காசான்கள் எந்தக் குறையும் இல்லாமல் நின்றன. மிஸ் அவற்றின் இலையைத் தடவித் தடவிப் பார்த்தார். "இந்த மூணுக்கும் என்னமோ தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் சொல்ல மாட்டேங்குது" என்றார்.

இதற்குள் செயலாளர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நோய் பிடித்த மூலையை மொத்தமாக வெட்டித் தள்ளிவிட்டு, தரையை மட்டப்படுத்தி, பேவர் பிளாக் பதித்து, நாலு சிமென்ட் பெஞ்சு போடுவது. அறக்கட்டளையிடம் 'காய்ந்த மரங்களை அகற்றுகிறோம்' என்று மட்டும் சொல்லி அனுமதி வாங்கிவிட்டார். அந்த மூன்று பச்சை மரங்களும் கணக்கில் சேர்ந்துவிட்டன. மிஸ் வீடு வீடாகப் போய், வெட்டினால் மண் கிளறப்பட்டு நோய் இன்னும் பரவலாம், நல்லா இருக்கிற மூணையும் இழந்தால் பதில் கிடைக்கிற வழியே போய்விடும் என்று சொல்லிப் பார்த்தார். எல்லாரும் உட்காரச் சொல்லி ஜூஸ் கொடுத்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பொக்லைன் வந்தது. முந்தைய நாள் எங்கோ ஏரிச் சேற்றில் வேலை செய்துவிட்டு நேராக வந்திருந்தது. டயர் இருக்கும் இடமே தெரியவில்லை, அத்தனை சேறு. பினாயில் மிஸ் கேட்டின் நடுவில் நின்றார்.

"டயரைக் கழுவணும்."

டிரைவர் எட்டிப் பார்த்தார். "எம்மா, தள்ளும்மா. இதுக்கு உன் பாட்டிலு எம்மாத்திரம்?"

"பக்கெட் கொண்டு வரேன். ஆளுக்கு ஒரு சட்டம் கிடையாது தம்பி. இங்க எல்லாரும் கழுவிட்டுத்தான் போறாங்க, சாரைக் கேளுங்க" என்று செயலாளரைக் காட்டினார். செயலாளரும் தினமும் காலைத் தூக்கியவர்தான். அவரும் தலையை ஆட்டவேண்டியதாயிற்று.

மிஸ் தரையில் உட்கார்ந்து முதல் டயரை ஆரம்பித்தார். டூத் பிரஷ்ஷால். அந்த டயரின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சின்ன வயலுக்குப் போதுமான சேறு இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் ஒரு குச்சியை எடுத்தேன். எல்லம்மா வந்து இரண்டாவது டயர் முன்னால் குந்தினாள். நடக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். என் மனைவி வீட்டிலிருந்து நான்கு பழைய டூத் பிரஷ்ஷும் ஒரு பக்கெட்டும் கொண்டு வந்தாள். வாஸ்து சொன்னவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்றாவது டயரில் இறங்கினார்.

மணி எட்டு ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. செயலாளர் கத்தினார். "போதும்மா! பளபளன்னு இருக்கு!"

"இன்னும் கை மிச்சம் இருக்கு சார்" என்றார் மிஸ். பொக்லைனின் மண் அள்ளும் கையைச் சொன்னார்.

பத்தரை மணிக்கு டிரைவரின் போன் அடித்தது. அனகாபுத்தூரில் அடுத்த வேலைக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர் இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "வாங்கின அன்னிக்குக்கூட இப்டி இல்லம்மா" என்று மிஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, செயலாளரின் கூப்பாட்டைக் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் கைதட்டினோம். "மிஸ், சூப்பர் தந்திரம்!" என்றேன். அவர் கோபத்தோடு திரும்பினார். "தந்திரமா? அந்த டயர்ல எவ்வளவு மண்ணு இருந்தது பார்த்தீங்க இல்ல?" அவர் சத்தியமாகச் சுத்தம்தான் செய்துகொண்டிருந்தார்.

அன்று டயர் கழுவியவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, நடந்ததை அறக்கட்டளைக்கு எழுதினோம். பச்சை மரங்களும் வெட்டுப்பட இருந்தன என்பது அவர்களுக்கே புதுச் செய்தி. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மிஸ் இரண்டு வருடமாக ஆராய்ச்சி நிலையங்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றிலிருந்து அடுத்த மாதம் ஒரு ஜீப் வந்தது.

இரண்டு விஞ்ஞானிகள் இறங்கினார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். மிஸ் கையில் பிரஷ்ஷோடு தயாராக நின்றார். 'காலைத் தூக்குங்க' என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு ஸ்பிரே பாட்டிலை எடுத்தார். இன்னொருவர் பிரஷ்ஷை எடுத்தார். இரண்டு பேரும் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, தங்கள் பூட்ஸைத் தாங்களே சுரண்டிக் கழுவிக்கொண்டார்கள். யாரும் சொல்லாமல்.

திறந்த வாயைப் பினாயில் மிஸ் மூடிக்கொண்டார். புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி அழுக்காக இல்லை. பிறகு, "இருந்தாலும் நானும் ஒரு தடவை அடிச்சுடுறேன்" என்று அடித்தார்.

நோட்டை அவர்கள் வேலிக்கல்லில் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை படித்தார்கள். ஆடு தின்ற பக்கத்தைப் பற்றியும் விசாரித்தார்கள். செயலாளர் குறுக்கே வந்து, "சரி மேடம், என்ன மருந்து?" என்று கேட்டார்.

"தெரியலை சார். வயல் நோய்க்கு நிறையப் பார்த்திருக்கோம். இந்த மாதிரிக் காட்டு மரத்துக்கு வர்றதை யாரும் சரியாப் பார்க்கவே இல்லை. இவங்க எழுதியிருக்கிற கேள்விகள்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும்" என்றார் அந்தப் பெண்.

"கேட்டீங்களா! அவங்களுக்கும் தெரியலையாம்!" என்று மிஸ் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை, பரிசு வாங்கிய குழந்தையிடம்கூட நான் பார்த்ததில்லை.

மதில் ஓட்டையை அடைத்தார்கள். மழைக்காலத்தில் பின்பாதை மூடப்பட்டது. மூன்று பச்சைக் காசான்களுக்கு வேலி போட்டு, அவற்றின் விதையிலிருந்து கன்று வளர்த்துப் பார்க்கிறார்கள். என் ஷூ மண்ணும் பரிசோதனைக்குப் போயிற்று. அந்த மாதிரியை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை என்று பதில் வந்தது. நான் இன்னும் குற்றவாளியும் இல்லை, நிரபராதியும் இல்லை. மரங்கள் இன்னும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய்கின்றன. முன்பு போல வேகமாக இல்லை என்கிறார் மிஸ். அது கழுவியதாலா, மழை குறைந்ததாலா என்று கேட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

நாங்கள் இப்போது பொழிச்சலூரில் ஒரு பிளாட்டுக்கு வந்துவிட்டோம். தலைக்கு மேல் விமானம் போகும், அந்தச் சத்தத்தில் பாதிப் பேச்சு காணாமல் போகும். இங்கே காடு கிடையாது. மாதம் ஒரு முறையாவது தெருவோர மரத்தில் ஓர் இலையைப் பறித்து, செல்போனில் படம் எடுத்து, 'மிஸ், இதுல ஏதோ புள்ளி மாதிரி தெரியுது, கொஞ்சம் பாருங்க' என்று பினாயில் மிஸ்ஸுக்கு அனுப்புகிறேன். அடுத்த நிமிடம் போன் வந்துவிடும். எந்த மரம், எந்தப் பக்கக் கிளை, வெயில் எப்படி விழுகிறது, பக்கத்தில் சாக்கடை உண்டா என்று முக்கால் மணி நேரம் கேட்பார். விமானம் போகும்போது மட்டும் நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்தில் தொடங்குவார். நான் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்வேன்.

புள்ளி இல்லாத நல்ல இலையாகப் பார்த்துத்தான் பறிக்கிறேன்.